'பட்டம்' என்று எழுதியிருக்கிறது, 'காத்தாடி' என்று படிக்கிறாள்: எழுத்து முதலா, சொல் முதலா, கதை முதலா?

பதிவு 1 | தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஆறு வயது நிறைந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பில் இரண்டாம் பருவம் நடந்துகொண்டிருக்கிறது. தமிழின் 247 எழுத்துகளையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். உறவினர் யாரேனும் வந்தால் அவளை நடுக்கூடத்தில் நிறுத்திச் சொல்லச் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமாகவே ஆகிவிட்டது. நானும் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு படப் புத்தகத்தைத் திறந்து, படத்துக்குக் கீழே அச்சிட்டிருந்த 'பட்டம்' என்ற சொல்லின்மேல் விரல் வைத்து, இது என்ன என்று கேட்டேன். தயங்காமல் 'காத்தாடி' என்றாள். படத்தைக் கையால் மறைத்துவிட்டு மறுபடியும் கேட்டபோது, 'ப, இட், ட, இம்' என்று நான்கு எழுத்துகளையும் பிழையின்றிச் சொன்னாள். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல் என்றேன். அவள் புத்தகத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். விடை என் முகத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டாள் போலும்.

வகுப்பு ஆசிரியையிடம் கேட்டதற்கு, எழுத்துகள் எல்லாம் தெரிகின்றன, படிப்பது தானாக வரும் என்றார். என் தங்கை, ஆங்கிலத்துக்குச் செய்வதைப்போல் தமிழுக்கும், எழுத்தின் ஒலிகளைச் சேர்த்துப் படிக்கக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்த்துவிடு என்கிறாள். மாமியார், உயிர், மெய், உயிர்மெய் அட்டவணையான நெடுங்கணக்கைத் தினமும் எழுத வை என்கிறார். எழுத்து முழுவதும் தெரிந்த பிள்ளைக்கு நான்கு எழுத்துச் சொல் ஏன் வரவில்லை என்பதே எனக்குப் புரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதிவு 2 | சுண்ணக்கட்டி

அம்மா, வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அவற்றில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பில்தான் கழிந்தது. உங்கள் மகளிடம் குறை எதுவும் இல்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவள் அப்படியே செய்திருக்கிறாள். அந்த நான்கு ஒலிகளையும் சேர்த்து நீங்களே வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'பஇட்டஇம்' என்றுதான் வரும். அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை. இல்லாத சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று குழந்தை நிற்கிறாள். அது அறியாமை அன்று, அறிவு.

மெய்யெழுத்தைத் தனியாக ஒலிப்பது கடினம் என்பதால் முன்னால் ஓர் இகரத்தைப் போட்டு 'இக், இங், இச்' என்று சொல்லிக் கொடுக்கிறோம். ஒப்பிப்பதற்கு அது உதவும். படிப்பதற்கு அதுவே முதல் எதிரி. நான் என் வகுப்பில் ஒரே ஒரு விதி வைத்திருந்தேன்: புள்ளி வைத்த எழுத்தைத் தனியாகச் சொல்லக் கூடாது, அது தனக்கு முன்னால் நிற்கும் எழுத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். ஆகவே 'பட்டம்' என்பதில் நான்கு எழுத்துகள் இருந்தாலும், சொல்ல வேண்டியவை இரண்டுதான்: 'பட்', 'டம்'. முதல் இரண்டு எழுத்துகளின் கீழே ஒரு வில், அடுத்த இரண்டின் கீழே ஒரு வில் என்று சுண்ணக்கட்டியால் வளைத்துக் காட்டுவேன். பிள்ளைகள் ஒவ்வொரு வில்லுக்கும் ஒரு தரம் கை தட்டுவார்கள்.

தொடங்கும்போது 'ட்' வேண்டாம். ஏனென்றால், வல்லின மெய்யை இழுத்துக் காட்ட முடியாது. 'ம்' என்பதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முனகலாம். 'பட' என்று சொல்லச் சொல்லுங்கள். அதன்பின் உதட்டை மூடச் சொல்லுங்கள். 'படம்' தானாக வந்துவிடும். தான் செய்ததைத் தானே கேட்டு அந்தப் பிள்ளை சிரிக்கும் பாருங்கள், அதற்காகவே இன்னொரு முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்க்கலாம்.

இன்னொன்று: 247 எழுத்துகளும் தெரிந்த பிறகுதான் படிக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. ட, ப, ம என்ற மூன்று எழுத்துகளின் வடிவத்தைப் பாருங்கள். ட எழுதி வலப்பக்கம் ஒரு கோடு ஏற்றினால் ப. அதை உள்ளே வளைத்தால் ம. இவற்றுடன் ட், ம் என்ற இரண்டு மெய்களையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் அதே வாரத்தில் கிடைக்கும். அடுத்த வாரம் துணைக்காலை மட்டும் அறிமுகப்படுத்தினால் மாமா, பாடம், மாடம், பாட்டம்மா. ஒரு குழந்தைக்குத் 'தன்னால் படிக்க முடிகிறது' என்ற செய்தி முதல் மாதத்திலேயே போய்ச்சேர வேண்டும். 247 முடியும்வரை அதைக் காக்க வைக்கக் கூடாது.

பதிவு 3 | நெடுங்கணக்கு

ஐயா சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். மீதியை மறுக்க வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் நெடுங்கணக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. அந்த அட்டவணை மனப்பாடம் செய்வதற்காக மட்டும் எழுந்ததன்று. உயிர் பன்னிரண்டு மேலே, மெய் பதினெட்டு பக்கவாட்டில், இரண்டும் கூடுமிடத்தில் உயிர்மெய். முப்பது ஒலிகளைத் தெரிந்துகொண்டவனுக்கு 216 வடிவங்களும் எப்படிப் பிறக்கின்றன என்பதை ஒரே பக்கத்தில் காட்டும் படம் அது. ஆங்கிலத்தில் இப்படி ஓர் அட்டவணையைப் போட முடியுமா? எழுத்து என்பவை முப்பது என்றுதான் தொல்காப்பியமும் கணக்கு வைக்கிறது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வெறுமனே கத்திக்கொண்டிருந்தார்கள் என்று எண்ணுவதும் பிழை. வாய் சொல்ல, விரல் மணலில் எழுதும். காதும் கண்ணும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். சட்டாம்பிள்ளை கீழ்நிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பான். 1789-இல் சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட காப்பகப் பள்ளியின் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியில் அதைப் பின்பற்றினார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். நாம் வெட்கப்பட்டு மறைக்கிற ஒன்றை அவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆகவே சகோதரி, மாமியார் சொல்வதை முற்றாகத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் வரிசையாக எழுதச் சொல்வதற்குப் பதிலாக, ஒரு கட்டத்தைச் சுட்டி, இந்தக் கட்டத்தில் என்ன எழுத்து வரும், ஏன் வரும் என்று கேளுங்கள். 'ம்' வரிசையும் 'ஆ' நிரலும் சந்திக்கும் இடத்தில் 'மா' வருகிறது என்று அவளே சொன்னால், அட்டவணை ஒப்பிப்பாக இல்லாமல் கருவியாகிவிடும்.

பதிவு 4 | ஒலியும் வரியும்

மொழியியல் படித்தவன் என்ற முறையில், ஃபோனிக்ஸ் பற்றிய கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது மிகவும் குழம்பிக் கிடக்கிறது.

ஆங்கிலம் கற்பிக்கும் நாடுகளில் நடந்த சண்டை வேறு. அங்கே 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதுகிறார்கள். ஒரே எழுத்துக்குப் பல ஒலி, ஒரே ஒலிக்குப் பல எழுத்து. 1967-இல் கென்னத் குட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், படித்தல் என்பதே ஒரு வகை ஊக விளையாட்டு என்றார். சூழலையும் பொருளையும் துணையாகக் கொண்டு சொல்லை ஊகிப்பதுதான் தேர்ந்த வாசிப்பு என்பது அவருடைய கருத்து. அதைப் பின்பற்றியவர்கள் எழுத்தொலியைத் தனியாகக் கற்பிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, எழுத்தொலியை முறையாகக் கற்பிப்பது பயன் தருகிறது என்று முடிவு செய்தது; அத்துடன் ஒலியுணர்வு, சரளம், சொல்வளம், பொருள் கொள்ளுதல் ஆகியவையும் வேண்டும் என்றது. இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு 40 சொற்களைக் கொண்ட ஒரு சோதனை நடக்கிறது. அவற்றில் 20 சொற்கள் பொருளே இல்லாத பொய்ச் சொற்கள். ஊகிக்கிற பிள்ளையையும் படிக்கிற பிள்ளையையும் பிரித்துக் காட்டுவதற்காகவே அந்த ஏற்பாடு. உங்கள் மகள் 'காத்தாடி' என்றது குட்மன் சொன்ன ஊகத்தின் கச்சிதமான எடுத்துக்காட்டு: பொருள் சரி, சொல் தவறு.

ஆனால் அந்த ஃபோனிக்ஸை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து, 'க' என்ற எழுத்துக்கு ஓர் ஒலி என்று அட்டை போட்டு விற்பதில் பொருளில்லை. 'கங்கு' என்ற சொல்லில் முதல் ககரமும் இரண்டாம் ககரமும் ஒன்றாகவா ஒலிக்கின்றன? 'பகல்', 'பக்கம்', 'பங்கு' ஆகிய மூன்றையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'பாம்பு' என்பதில் இரண்டு பகரமும் வேறு வேறு. 'படம்', 'பட்டம்' இரண்டிலும் டகரம் வேறு வேறு. தமிழில் வல்லினத்தின் ஒலியை எழுத்து தீர்மானிப்பதில்லை, அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. இந்த விதியை யாரும் குழந்தைக்குக் கற்பிக்கத் தேவையில்லை. பேசக் கற்கும்போதே அது நாவில் ஏறிவிட்டது. அதனால்தான் தனி எழுத்தைவிடச் சொல்லுக்குள் வைத்துக் கற்பிப்பது தமிழுக்குப் பொருந்துகிறது. சுண்ணக்கட்டி ஐயாவின் வில் முறை இந்த இயல்புக்கு ஒத்துப்போகிறது.

கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட கட்டுரை இங்கே நினைவுக்கு வருகிறது. அசை அளவில் ஒலியைப் பிரித்தறியும் திறன் பிள்ளைகளுக்கு விரைவாகவும், அதற்கும் நுண்ணிய தனி ஒலிகளைப் பிரித்தறியும் திறன் மெதுவாகவும் வளர்கிறது. எழுத்து வடிவங்கள் முழுவதும் கைவசப்படுவதற்கு நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது. தமிழில் கூட்டெழுத்துகள் குறைவு என்பதால் நமக்குச் சுமை சற்று இலேசு. இருந்தாலும், ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் 247-ஐயும் கரைத்துக் குடித்துவிட வேண்டும் என்ற அவசரத்துக்கு அடிப்படை எதுவும் எனக்குத் தெரியவில்லை. 'ஙௌ' என்ற எழுத்து வரும் ஒரு தமிழ்ச் சொல்லை யாராவது சொல்லுங்கள், பார்ப்போம்.

பதிவு 5 | கதைப்பெட்டி

எல்லோரும் எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். குழந்தைக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வரும் என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் மகனுக்கு மூன்று வயதிலிருந்து இரவுதோறும் ஒரே கதைப் புத்தகத்தை, அவன் சலிக்கும்வரை, வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே படித்துக் காட்டினேன். ஐந்து வயதில் ஒரு நாள் நான் வேண்டுமென்றே ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன். அவன் என் விரலைப் பிடித்து இழுத்து, விட்ட இடத்தில் வைத்தான். நான் அவனுக்கு அரிச்சுவடி கற்பிக்கவே இல்லை.

1939-இல் அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கிப் பணிபுரிந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையைப் பின்பற்றும் பள்ளிகளிலும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகுவதோடு, அசைத்து வைக்கும் எழுத்துகளால் பிள்ளைகளே சொற்களை ஆக்குகிறார்கள். பிள்ளை தானே கண்டடைய வேண்டும்; நாம் வழியை மறிக்காமல் இருந்தாலே போதும் என்பது என் கருத்து.

பதிவு 6 | சுண்ணக்கட்டி

கதைப்பெட்டி அம்மாவின் மகனைப் பற்றிக் கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் ஒரு பிள்ளை தானாகப் படித்ததை வைத்து நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு முறை வகுக்க முடியாது. என் வகுப்பில் இருந்தவர்களில் பலருடைய வீட்டில் நாட்காட்டியைத் தவிர அச்சிட்ட தாள் கிடையாது. அவர்களைப் பார்த்து 'நீயே கண்டடைந்துகொள்' என்று சொல்வது, கிணற்றடியில் நிறுத்திவிட்டு வாளியைத் தராமல் போவதைப் போன்றது. மேலும் உப்புத்தாள் எழுத்து கண்டடைதல் அன்று அம்மா. அது ஒலியையும் வடிவத்தையும் ஒன்றாகக் கற்பிக்கும் மிகக் கண்டிப்பான முறை. நெடுங்கணக்கு ஐயா சொன்ன மணலுக்கு அது தூரத்து உறவு.

ஆயினும் கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டும் நேரம் பதினைந்து நிமிடம், கதை கேட்கும் நேரம் அரை மணி. இரண்டும் தனித்தனியாக நடக்கட்டும். கதைக்கு நடுவில் நிறுத்தி 'இது என்ன எழுத்து' என்று கேட்டால் இரண்டுமே கெட்டுப்போகும்.

பதிவு 7 | வடமராட்சி வாசிகன்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், ஆரம்பப் பிரிவு ஆசிரியன். இந்த இழையின் தலைப்பே என்னைச் சிரிக்க வைத்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவதைப் பார்த்து வளர்கிறவர்கள். அதே படத்தை அவர்களிடம் காட்டினால், எழுத்தைப் பார்க்காமலேயே 'பட்டம்' என்பார்கள். நாங்களும் பிள்ளை வாசித்துவிட்டது என்று சரி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். திருநெல்வேலிப் பிள்ளை 'காத்தாடி' என்று சொன்னபடியால் தாய்க்கு உண்மை தெரிந்தது. இந்தச் செய்தியைப் படித்த பிறகு, என் தரம் 1 வகுப்பில் படத்தை மூடி வைத்துப் பரிசோதித்தேன். நன்றாக வாசிக்கிறார்கள் என்று நான் நம்பியிருந்த மூவர் நின்றுவிட்டார்கள்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளியை ஒருவரும் இன்னும் தொடவில்லை. உங்கள் மகள் சொன்ன 'காத்தாடி'யை அச்சில் தேடினால் 'காற்றாடி' என்றுதான் இருக்கும். பிள்ளை எழுத்துக்கூட்டிச் சரியாக 'காற்று' என்று முடித்தாலும், வீட்டில் அது கேட்டது 'காத்து'. தான் வாசித்தது தனக்குத் தெரிந்த அந்தப் பொருள்தான் என்று பிள்ளைக்கு விளங்குவதற்கு ஒரு கணம் பிடிக்கிறது. அந்த ஒரு கணத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'வந்துச்சு' என்று பேசும் பிள்ளை 'வந்தது' என்று வாசிக்க வேண்டும். 'வாழைப்பழம்' என்று எழுதியிருப்பதை 'வாளப்பளம்' என்று வாசிக்கும் பிள்ளையைப் பிழை என்று அதட்டுவதற்கு முன், அவன் சொல்லைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டான் என்பதைக் கவனிக்க வேண்டும். உச்சரிப்பைத் திருத்துவது வேறு வேலை. அதை வேறு நேரத்தில் செய்யலாம். நல்ல தமிழைக் காதால் கேட்காத பிள்ளை அதைக் கண்ணால் வாசிக்காது என்பதனால், கதைப்பெட்டி சகோதரியின் இரவுக் கதைக்கு நான் ஆதரவு.

இன்னொரு சிக்கல் கொம்பு. கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு; வாய்க்கு முதலில் வருவது மெய். 'கொ' என்பதில் முன்னால் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால்; பிள்ளை இடமிருந்து வலமாக மூன்று எழுத்துகளாக வாசிக்கிறது. 'கௌ' என்பதன் பின்பகுதிக்கும் 'ள'வுக்கும் வடிவத்தில் வேறுபாடே இல்லை. பிள்ளையின் கையில் நடு எழுத்தை மட்டும் வெட்டிய ஒரு சிறு அட்டையைக் கொடுத்து, அதை வைத்துவிட்டு, கொம்பையும் காலையும் நாங்கள் இரண்டு பக்கமும் நகர்த்தி வைப்போம். மூன்றும் சேர்ந்தால்தான் ஓர் எழுத்து என்பது அப்போது விளங்கும்.

பதிவு 8 | கம்பிப்பந்தல்

பணியில் இருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியை நான். முறைகள் மாறி மாறி வந்ததைப் பார்த்தவள் என்பதால் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது.

செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுவதும் வந்தது. ஆந்திரத்தின் ரிஷி வேலியில் உருவான அட்டை முறைதான் அதற்கு மூலம். ஒவ்வொரு பிள்ளையும் ஏணிப்படியில் தான் நிற்கும் இடத்துக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும்; சுவரின் அடியில் கீழ்நிலைக் கரும்பலகை; தலைக்கு மேலே கம்பிப்பந்தலில் பிள்ளைகள் செய்த வேலைகள் தொங்கும். என் புனைபெயர் அந்த நாள்களின் நினைவுதான். விடுப்பு எடுத்துவிட்டு வந்த பிள்ளை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்பது அதன் பெரும் சிறப்பு. அட்டை எண்ணை முடிப்பதே குறிக்கோளாகிவிட்டால் பிள்ளை உண்மையில் படித்ததா என்பதை யாரும் பார்ப்பதில்லை என்பது அதன் குறை. நானே அப்படிச் சிலரை மேல் படிக்கு அனுப்பியிருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை.

பிறகு பெருந்தொற்று வந்தது. 2021 நவம்பர் 1 அன்று ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் திறந்தபோது, பள்ளியின் வாசலையே மிதித்திராத இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். எழுத்து தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அரும்பு நிலையில் தொடங்கலாம் என்று ஆசிரியருக்கு அனுமதி கிடைத்ததே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதற்கு முன்னால், அந்தப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தைத்தான் நடத்தியாக வேண்டும் என்று கட்டிப்போட்டிருந்தோம். பதிவேற்றும் வேலை கூடிவிட்டது என்ற குறையும் உண்டு. அதைப் பேசத் தொடங்கினால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும்.

தாமிரபரணிக்கரை அம்மாவுக்கு நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் 'அசர்' என்ற கல்விநிலைக் கணக்கெடுப்பில் ஒரே தாளைத்தான் பயன்படுத்துகிறார்கள்: எழுத்துகள், எளிய சொற்கள், ஒன்றாம் வகுப்பு நிலையில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு கதை. பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள். அப்படி ஒரு தாளை நீங்களே எழுதிக்கொள்ளலாம். எழுத்துகளை வரிசை மாற்றி எழுதுங்கள். வரிசையாக இருந்தால் அவள் பாட்டாகச் சொல்லிவிடுவாள். சொற்களுக்குப் படம் வேண்டாம். மாதம் ஒரு முறை, ஐந்து நிமிடம் போதும்.

பதிவு 9 | மெல்லக் கற்போம்

சிறப்பாசிரியர் என்ற முறையில் சுருக்கமாக ஒன்று. ஆறு வயதுப் பிள்ளை ஒலிகளைச் சேர்க்கத் திணறுவதை உடனே கற்றல் குறைபாடு என்று எண்ண வேண்டாம். இது பெரும்பாலும் கற்பித்த முறையின் விளைவுதான். முதலில் கண்ணையும் காதையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். காதில் சீழோ நீரோ கட்டியிருந்ததை யாரும் கவனியாமல், மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தைத் தொடாமல், வாய்மொழியாகவே ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள்: 'பட்' என்றும் 'டம்' என்றும் இடைவெளி விட்டு நீங்கள் சொன்னால் அவளால் 'பட்டம்' என்று சேர்க்க முடிகிறதா? முடிந்தால் கவலை வேண்டாம். முறையாகக் கற்பித்துச் சில மாதங்கள் ஆன பின்னும் முடியவில்லை என்றால், குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இப்படி இருந்ததா என்பதையும் கேட்டறிந்து, அப்போது ஒரு மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்லலாம்.

பதிவு 10 | தாமிரபரணிக்கரை

ஐந்து வாரங்களுக்குப் பிறகு வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். உறவினர் முன்னால் ஒப்பிக்கச் சொல்வதை முதலில் நிறுத்தினேன். காது பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. வாய்மொழி விளையாட்டில் முதல் நாளே 'பட்டம்' என்று சேர்த்துவிட்டாள். அப்படியானால் காதில் இருந்தது கண்ணுக்கு வரவில்லை என்று எனக்கு அன்றுதான் தெளிந்தது.

பழைய திருமண அழைப்பிதழ்களைத் துண்டுகளாக வெட்டி, ட, ப, ம, ட், ம் என்று எழுதிக்கொண்டேன். சுண்ணக்கட்டி ஐயா சொன்ன வில்லை நான் வரையவில்லை; 'ட்' எழுதிய துண்டை 'ப' எழுதிய துண்டோடு ஒட்டவைத்து ஒரு துணி கிளிப்பால் பிடித்தேன். 'இட்' என்று அவள் தொடங்கும்போதெல்லாம், கிளிப் போட்டிருக்கிறதே என்று மட்டும் சொல்வேன். மூன்றாம் நாள் 'பட்-டம்' என்றாள். பிறகு அவளே துண்டுகளை மாற்றி 'டப்பம்' என்று வைத்தாள். 'ப்' வேண்டும் என்று அவளே கேட்டு எழுத வைத்து அமைத்த சொல் அது. அப்படி ஒரு சொல் இல்லையே என்றேன்; இல்லாவிட்டால் என்ன, படிக்க வருகிறதே என்றாள். ஒலியும் வரியும் ஐயா சொன்ன பொய்ச் சொல் சோதனையை அவளே நடத்திக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

அட்டவணையையும் விட்டுவிடவில்லை, மாமியாரும் அவளும் கட்டத்தைச் சுட்டி விளையாடுகிறார்கள். மாமியார் 'லை', 'னை' எழுதும்போது 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை வைத்து எழுதுவார். பாட்டியின் எழுத்தில் யானை இருக்கிறது என்று இவளுக்கு அதில் தனி ஆனந்தம். குழப்பம் எதுவும் இதுவரை வரவில்லை.

நேற்று சந்திப்புப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது, வந்த பேருந்தின் பலகையைப் பார்த்துத் தானாகவே எழுத்துக்கூட்டினாள். 'பேட்' என்று சரியாக வந்தது. 'டை' என்ற எழுத்தில், கொம்பு முன்னால் நிற்பதால், நெடுநேரம் நின்றாள், பேருந்து கிளம்பிவிட்டது. அது வளைவில் திரும்பும்போது 'பேட்டை' என்று கத்தினாள். அருகில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து வந்தது மேலப்பாளையம். அதில் 'மே' என்பதோடு கைவிட்டுவிட்டாள்.

கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வரை வந்திருக்கிறோம். உகர வரிசையில்தான் இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறேன். காலுக்கு ஒரே குறி, கொம்புக்கு ஒரே குறி என்று சொல்லிவிட்டேன். ஆனால் கு, சு, டு, து நான்கும் நான்கு விதமாக இருக்கின்றன. எதில் தொடங்குவது?

பதிவு 11 | சுண்ணக்கட்டி

அம்மா, மிக்க மகிழ்ச்சி. துணி கிளிப் எனக்குத் தோன்றாத யோசனை. என் பேத்திக்கு எடுத்துக்கொள்கிறேன்.

உகரத்தை நெடுங்கணக்கு வரிசையில் கற்பிக்க வேண்டாம்; வடிவக் குழுவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டு, மு, ரு, ழு, ளு ஆகியவை ஒரு குழு; எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வகைச் சுழிப்பு. சு, பு, யு, வு ஆகியவை ஒரு குழு. கீழே ஒரு கோடு இறங்கும். து, நு, ணு, லு, று, னு ஆகியவை ஒரு குழு. கு யாரோடும் சேராது. அதைத் தனியாகக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் குழுவில் தொடங்கினால், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ட, ம இரண்டும் அதில் இருக்கின்றன: மாடு, பாடு, ஆடு, முட்டம் என்று அன்றைக்கே படிப்பாள். ஒரு குழு கைவந்த பின்னரே அடுத்தது. நெடிலான ஊகாரத்தை இப்போது தொடவே வேண்டாம். குறில் முழுவதும் உறுதிப்பட்ட பிறகு, து வரிசைக்குப் பின்னால் ஒரு கால் போன்ற குறி வருவதை மட்டும் காட்டித் தொடங்கலாம்.

மேலப்பாளையத்தில் ஏழு எழுத்துகள் இருக்கின்றன. அதை மூன்று துண்டாக எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்: மேலப், பாளை, யம்.